நட்டம் ஆருக்கு? முயற்சியாண்மைத் தேர்ச்சிகள் பற்றிப் புளியங்குளத்தில் கேட்ட கேள்வி

முயற்சியாண்மை பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஒரு தனிமனிதரைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறோம். துணிவுள்ளவர், திட்டமுள்ளவர், விழுந்தாலும் எழும்புகிறவர். சிறுதொழில் தொடங்க விரும்புவோருக்கான செயலமர்வுகளில் வளவாளராகப் போய்வரும் நானும் பல வருடங்களாக அப்படித்தான் பேசிவந்தேன். அந்தப் பேச்சில் இருந்த ஓட்டையை 2014 இல் புளியங்குளத்தில், ஒரு பொதுநோக்கு மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த ஓர் அக்காதான் எனக்குக் காட்டித் தந்தார்.

புளியங்குளம் ஏ-9 வீதியில், வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் இடையிலுள்ள சந்தி. வவுனியா வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்தது. சந்தியில் கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி. அந்தப் பாதை முல்லைத்தீவுக்குப் போகும். 1997 மே மாதம் ஆரம்பித்த 'ஜயசிக்குறு' படை நடவடிக்கையின்போது மாதக்கணக்காகச் சண்டை நடந்த இடம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவிலிருந்து எங்கள் குடும்பம் வவுனியாவை நோக்கி வந்த பாதையிலும் இந்தச் சந்தி இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பாவின் கடைச் சாவிக்கொத்து உம்மாவின் கையில் இருந்தது மட்டும் ஞாபகம். 24 வருடங்களுக்குப் பிறகு அதே சந்தியில், கையில் மார்க்கர் பேனையும் சுருட்டிய தாள்களுமாக பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

மூன்று நாள் செயலமர்வு. வந்திருந்தவர்கள் 28 பேர். மூன்று பேரைத் தவிர மற்றெல்லோரும் பெண்கள். இரண்டாம் நாள் நான் பத்துத் தேர்ச்சிகளைத் தாளில் எழுதித் தொங்கவிட்டிருந்தேன். 1980களில் அமெரிக்க உதவி நிறுவனத்தின் ஆதரவில் இந்தியா, மலாவி, எக்குவடோர் ஆகிய நாடுகளின் முயற்சியாளர்களை ஆராய்ந்து உருவாக்கிய பட்டியல் அது. ஐக்கிய நாடுகள் சபை 1988 இல் ஆரம்பித்த 'எம்ப்ரெடெக்' பயிற்சித் திட்டத்தின் அடித்தளமும் அதுதான். வாய்ப்பைத் தேடி முந்திக்கொள்ளல், விடாமுயற்சி, ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக்கொடுத்தல், தரத்தில் விட்டுக்கொடாமை, கணக்குப் பார்த்து இடரை ஏற்றல், இலக்கு வைத்தல், தகவல் தேடல், திட்டமிட்டுக் கண்காணித்தல், பேசி இணங்கச்செய்தலும் தொடர்புகளும், தன்னம்பிக்கை. ஐந்தாவதை விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா கையை உயர்த்தினார்.

"சேர், நீங்க சொல்றதெல்லாம் சரி. நட்டம் வந்தா அது ஆருக்கு?"

"தொழில் செய்யிற ஆளுக்குத்தான் அக்கா."

"அப்ப காசு தந்தவருக்கு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு ஆறாவதுக்குப் போனேன்.

இந்தப் பட்டியலின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹாவர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் மக்லெலண்ட் 1961 இல் எழுதிய நூலொன்றில், ஒரு சமூகத்தின் பொருளாதார வளர்ச்சிக்கும் அங்குள்ள மனிதர்களின் 'சாதனை ஊக்க'த்துக்கும் தொடர்பு உண்டு என்று வாதிட்டார். சாதனை ஊக்கம் என்பது நேற்றுச் செய்ததை இன்று இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்ற உந்துதல். அது பிறவிக்குணமல்ல, பயிற்றலாம் என்பதைக் காட்ட 1964 இல் ஆந்திரப் பிரதேசத்தின் காக்கிநாடா நகரத்து வியாபாரிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடக் கூடுதலாகப் புதிய முதலீடு செய்தார்கள், கூடுதல் பேருக்கு வேலை கொடுத்தார்கள் என்று அவரும் அவரது சகாவும் பதிவுசெய்தார்கள். இன்று உலகம் முழுக்க நடக்கும் முயற்சியாண்மைப் பயிற்சிகளுக்கு இது ஒரு மூலவேர்.

காக்கிநாடாவில் பயிற்சி பெற்றவர்கள் ஏற்கனவே வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவர்களிடம் கடை இருந்தது, கைமுதல் இருந்தது, நகரத்தில் பெயர் இருந்தது. ஊக்கம் மட்டும் போதாமல் இருந்திருக்கலாம். வன்னியில் கதை மறுவளம்.

கேள்வி கேட்ட அக்காவையே எடுப்போம். தேநீர் இடைவேளையில் கதைத்தபோது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். 2009 இல் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது நிவாரணப் பருப்பை ஊறப்போட்டு அரைத்து வடை சுட்டு விற்றிருக்கிறார். எண்ணெய் எங்கிருந்து என்று கேட்டேன். "அரிசியைக் குடுத்து மாத்தினது சேர்." ஊருக்குத் திரும்பியதும் பாலைப்பழக் காலத்தில் பழத்தை வாங்கிச் சின்னப் பைகளில் கட்டி வீதியோரத்தில் விற்பது, மாரிப் பயிராகக் கச்சானும் உழுந்தும், இரண்டு மாடு. எந்த பஸ் எத்தனை மணிக்குச் சந்தியில் நிற்கும், எந்தச் சாரதி நிறுத்துவார் என்பதெல்லாம் மனப்பாடம். முறிகண்டியில் வாகனங்கள் நின்று கச்சான் வாங்கிப் போவதைப் பார்த்து, "அங்க கோயில் இருக்கு, எல்லாரும் நிப்பினம். இங்க நிக்க ஒரு காரணம் வேணும்" என்று சொன்னார். சந்தைப்படுத்தல் பாடத்தில் நான் ஒரு மணித்தியாலம் பேசியதை அவர் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார்.

என் பட்டியலில் அவரிடம் இல்லாதது எது? வாய்ப்பைத் தேடத் தெரியும். விடாமுயற்சியைப் பற்றி அவருக்கு நான் சொல்லக் கூச்சப்பட வேண்டும். தகவல் உண்டு, தொடர்பு உண்டு. உண்மையில் குறைந்திருந்தது கணக்கு எழுதும் பழக்கம் ஒன்றுதான். தன் சொந்த வேலைநேரத்துக்கு அவர் விலை போடுவதேயில்லை. அதைத்தான் மூன்று நாளும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நானோ தன்னம்பிக்கை விளையாட்டு நடத்தினேன். கண்ணைக் கட்டிக்கொண்டு வளையம் எறிவது.

மூன்றாம் நாள் மாலை, சான்றிதழ் வழங்கும்போது ஒரு நிதி நிறுவனத்தின் ஊழியர்கள் இரண்டு பேர் கடன் படிவங்களோடு வந்திருந்தார்கள். செயலமர்வை ஒழுங்குசெய்தவர்கள்தான் அழைத்திருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் வாய்திறக்கவில்லை. "படிச்சாச்சு, இனி முதல் வேணும்தானே" என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த அக்கா உட்படப் பலர் ஒப்பமிட்டார்கள். அவர் பப்பாசி வைக்கப் போவதாகச் சொன்னார்.

அந்தக் காலத்தில் வவுனியா வடக்கில் பப்பாசி ஒரு நம்பிக்கையான சொல்லாக இருந்ததற்குக் காரணம் உண்டு. போருக்குப் பிறகு சர்வதேச தொழில் ஸ்தாபனம் 'லீட்' என்ற திட்டத்தினூடாக, அவுஸ்திரேலியாவினதும் பின்னர் நோர்வேயினதும் நிதியுதவியுடன், இப்பகுதிப் பழச் செய்கையாளர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குத் துணைநின்றது. 'ரெட் லேடி' இனப் பப்பாசியை வளர்த்து, சங்கத்தினூடாகச் சேகரித்து, ஏற்றுமதியாளர் ஒருவரோடு ஒப்பந்தம் செய்து மத்திய கிழக்குச் சந்தைக்கு அனுப்பும் ஏற்பாடு. புளியங்குளம், நெடுங்கேணிப் பக்கத்துச் செம்மண்ணில் விளைந்த பழம் கப்பலோ விமானமோ ஏறும் என்று பத்து வருடத்துக்கு முன் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இதில் பப்பாசியைவிடச் சங்கம் செய்த வேலையைத்தான் நான் உற்றுப் பார்க்கச் சொல்வேன். ரெட் லேடி கலப்பின விதை. பழத்திலிருந்து விதை எடுத்து வைக்க முடியாது, ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். காற்றுக்கு மரம் சரியும். வைரஸ் நோய் வந்தால் தோட்டத்தோடு போகும். ஏற்றுமதிக்குப் பழத்தில் நிறம் திரும்பத் தொடங்கும் பருவத்தில் பறிக்க வேண்டும், பால்கறை படக்கூடாது, அடிபடக்கூடாது. தனியொரு விவசாயி இவ்வளவுக்கும் தேர்ச்சி பெற்று, கொழும்பு வியாபாரியோடு விலையும் பேசி, லொறிக்கும் ஒழுங்கு செய்ய முடியுமா? முடியாது. 'தரத்தில் விட்டுக்கொடாமை', 'ஒப்பந்தத்தை நிறைவேற்றல்', 'தகவல் தேடல்' என்று என் தாளில் தனிமனிதக் குணங்களாக எழுதியிருந்தவை இங்கே ஒரு சங்கத்தின் குணங்களாக இருந்தன. தரம் பிரிக்கத் தெரிந்தவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் இன்னொருவர், விலை பேச ஒரு குழு. பத்துத் தேர்ச்சியும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் யார் போட்டது?

ஐரோப்பிய ஆணைக்குழு 2016 இல் வெளியிட்ட 'என்ட்ரிகொம்ப்' சட்டகம் இந்தப் பார்வைக்குக் கொஞ்சம் நெருங்கி வருகிறது. அதில் 15 தேர்ச்சிகள். பழைய பட்டியலில் இல்லாத 'மற்றவர்களோடு சேர்ந்து வேலைசெய்தல்', 'நிதி, பொருளாதார அறிவு', 'ஒழுக்கத்தோடும் நிலைபேறோடும் சிந்தித்தல்' போன்றவை அங்கே இடம்பெறுகின்றன. முயற்சியாண்மை உருவாக்கும் பெறுமதி பணமாகவும் இருக்கலாம், பண்பாடாகவும் சமூக நலனாகவும் இருக்கலாம் என்றும் அது சொல்கிறது. சமூக முயற்சியாண்மை என்று நாம் இன்று பேசுவது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஆனால் இலாபத்தில் ஒரு பங்கை நன்கொடை கொடுப்பதைச் சமூக முயற்சியாண்மை என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது தர்மம், நல்ல காரியம், வேறு காரியம். நம் ஊர்களிலும் ஸகாத் நிதியில் ஒரே தெருவில் ஐந்து பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்துப் படமும் எடுத்துக்கொள்கிறோம். அந்தத் தெருவில் தைக்கக் கொடுப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

சமூக முயற்சியாளர் செய்வது வேறு: ஏழைகளிடம் குவிந்து கிடக்கும் ஓர் இடரை எடுத்து, அதைத் தாங்கக்கூடிய தோள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்றைக் கட்டுகிறார். குஜராத்தின் கைரா மாவட்டத்துப் பால்காரரின் இடர் என்னவென்றால், பால் சில மணித்தியாலங்களில் கெட்டுவிடும். ஆகவே வாங்குபவர் சொன்னதே விலை. 1946 இல் திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1949 இல் அங்கே வந்து சேர்ந்த பொறியியலாளர் வர்கீஸ் குரியன் அதை அமுல் என்ற பெயரில் நாடறியும் நிறுவனமாக வளர்த்தார். எருமைப்பாலை மாவாக்கும் தொழில்நுட்பம் கிடைத்ததும் மிஞ்சிய பால் கெட்டுப்போகும் இடர் தனிப் பால்காரரின் தலையிலிருந்து சங்கத்தின் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. நமது நாட்டில் 1978 இலிருந்து பி. ஏ. கிரிவந்தெனிய புத்துயிர் கொடுத்த சணச இயக்கமும், யாழ்ப்பாணத்தில் வீ. வீரசிங்கம் போன்றோர் வளர்த்த கூட்டுறவு இயக்கமும் இந்த வழியில் வந்தவைதான்.

இனி அந்த அக்காவின் கடனுக்கு வருவோம். தொகைகளைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். 50,000 ரூபா கடன். கிழமைக்கு 1,200 ரூபா வீதம் 52 கிழமைக்குக் கட்டுக்காசு. மொத்தம் 62,400 ரூபா. "வருசத்துக்கு 25 வீதம்கூட இல்லை" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு கிழமையும் முதல் குறைந்துகொண்டே வருகிறது. குறையும் முதலுக்கு வட்டி பார்த்தால் அது வருடத்துக்கு 45 வீதமளவில் வரும். அதைவிடப் பெரிய பிசகு காலத்தில் இருந்தது. பப்பாசி நட்டு எட்டு, ஒன்பது மாதம் சென்றுதான் பழம் பறிக்கலாம். கட்டுக்காசோ அடுத்த கிழமையே தொடங்குகிறது. 36 கிழமை என்று வைத்தாலும் முதற்பழம் கைக்கு வருமுன் 43,200 ரூபா கட்டியாக வேண்டும். கடனை எடுத்து அந்தக் கடனையே கட்டுவதற்கு வைத்திருப்பதுபோல. மரத்துக்கு எது மிஞ்சும்? மூன்று நாள் பயிற்சியில் இந்தக் கணக்கை நான் ஒருமுறைகூடக் கரும்பலகையில் போடவில்லை.

அவர் ஒருவரின் கதையல்ல இது. பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் 1976 இல் முஹம்மத் யூனுஸ் 42 பேருக்கு வெறும் 27 டொலர் பெறுமதியான பணத்தைத் தன் பையிலிருந்து கொடுத்துத் தொடங்கியது பின்னர் கிராமீன் வங்கியாகி, 2006 இல் நோபல் சமாதானப் பரிசையும் பெற்றது. அந்த முன்மாதிரியின் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இலாபத்துக்காக ஓடிய நிறுவனங்கள் பல நாடுகளில் வந்தன. 2010 இல் ஆந்திரப் பிரதேசத்தில் நுண்கடன் நெருக்கடி முற்றி, மாநில அரசு அவசரச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. மக்லெலண்டின் காக்கிநாடா இருப்பதும் அதே மாநிலத்தில்தான். நமது நாட்டில் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2018 இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வந்தது. 35 வீதம் ஒரு சலுகையாகத் தெரிந்ததென்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று வாசகரே ஊகிக்கலாம்.

சராஸ் சரஸ்வதி என்ற இந்திய வம்சாவளி ஆய்வாளர், நீண்டகால அனுபவமுள்ள 27 முயற்சியாளர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து, 2001 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புதிதாகப் படித்து வந்தவர்கள் 'இதில் எவ்வளவு உழைக்கலாம்' என்று தொடங்குகிறார்கள். பழுத்த முயற்சியாளர்களோ 'இதில் எவ்வளவை இழந்தால் நான் தாங்குவேன்' என்று தொடங்குகிறார்கள். இதை வாசித்தபோது எனக்குப் பின்வரிசை அக்காவின் முகம்தான் வந்தது. "நட்டம் ஆருக்கு" என்று கேட்டவர் பயந்தாங்கொள்ளியாகக் கேட்கவில்லை. 28 பேரில் தேர்ச்சி கூடிய முயற்சியாளரின் கேள்வி அது. பதில் சொல்ல வேண்டியவன் ஆறாவது தலைப்புக்கு ஓடிவிட்டேன்.

நமது வாணிப மரபில் இந்தக் கேள்விக்குப் பதில் பழையது. முழாரபாவில் ஒருவர் முதலைப் போடுகிறார், மற்றவர் உழைப்பைப் போடுகிறார். இலாபம் முன்பே பேசிய விகிதப்படி பிரியும். உழைத்தவரின் கவனக்குறைவோ மோசடியோ இல்லாமல் நட்டம் வந்தால் முதல் போட்டவர் முதலை இழப்பார். உழைத்தவர் தன் உழைப்பை இழப்பார். வட்டி விலக்கப்பட்டது என்று மிம்பரில் கேட்கிறோம்; அதன் மறுபக்கமான இந்த நட்டப் பங்கீடு பற்றி எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? சொல்வது லேசு என்பதும் எனக்குத் தெரியும். முழாரபாவுக்கு உண்மையான கணக்கும் நம்பிக்கையும் வேண்டும். கணக்கு எழுதாத இடத்தில் பங்காளிகள் சண்டைக்காரர்களாவார்கள். அதனால்தான் கணக்கெழுதும் தேர்ச்சியை மற்ற ஒன்பதுக்கும் மேலே வைக்க வேண்டும் என்கிறேன்.

வாப்பாவுக்கு இது வாழ்க்கையில் நடந்தது. முல்லைத்தீவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது அவரிடம் எல்லாத் தேர்ச்சியும் அப்படியே இருந்தன. அவற்றை யாரும் பறிக்க முடியவில்லை. ஆனாலும் எட்டு மாதம் சும்மா இருந்தார். பிறகு கற்பிட்டிப் பக்கத்து வியாபாரி ஒருவர் கருவாட்டை எடையிட்டுக் கொடுத்து, "வித்துப்போட்டுத் தாங்க, விக்காட்டி திருப்பித் தாங்க" என்றார். அந்த "விக்காட்டி" என்ற ஒரு சொல்லில்தான் எங்கள் வீட்டு அடுப்பு மறுபடி எரிந்தது. வாப்பாவிடம் தன்னம்பிக்கை விளையாட்டு எதையும் யாரும் நடத்தவில்லை.

கூட்டுறவு என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஏற்றுமதியாளரை நம்பியிருக்கும் சங்கம் அவர் கைவிட்டால் தடுமாறும். திட்டப் பணம் நின்றதும் தலைவரும் செயலாளரும் மட்டும் மிஞ்சிய சங்கங்களையும் வன்னியில் பார்த்திருக்கிறேன். 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது எந்தச் சங்கத்தாலும் அந்த அடியை முழுமையாகத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் தனியே நின்றவர் நகையை அடகுவைத்த இடத்தில், சங்கத்தில் நின்றவருக்குக் கதைக்க ஒரு கூட்டமாவது இருந்தது.

2019 இல் வேறொரு வேலையாகப் புளியங்குளம் போனபோது அந்த அக்காவைத் தேடிப் பிடித்தேன். பப்பாசி முதல் மாரியிலேயே அரைவாசி சரிந்துவிட்டதாம். கட்டுக்காசுக்கு மாடு இரண்டும் போய், பிறகு சங்கிலியும் போனது. நான் மன்னிப்புப்போல ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"அதை விடுங்க சேர், இதைப் பாருங்க" என்று ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கச்சானும் உழுந்தும் வாங்கி, வறுத்து, உடைத்து, பொதிசெய்து விற்கிறார்கள். கிலோவுக்கு இரண்டு ரூபா தனியே ஒரு தகரப் பெட்டிக்குள் போகிறது. மழையில் நனைந்த மூட்டை, காசு தராத கடைக்காரர், ஆருக்காவது வருத்தம் என்றால் அந்தப் பெட்டியிலிருந்து எடுப்பதாம். பெட்டிக்குப் பெயர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். "நட்டப்பெட்டி" என்றார்.

கொப்பியை வாங்கிக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். நல்ல கையெழுத்து, ஒழுங்கான நிரல்கள். மூன்றாம் பக்கத்தில் 340 ரூபா இடித்தது. வளவாளர் புத்தி போகாதே, உடனே சுட்டிக் காட்டினேன்.

"ஓம் சேர், அது தெரியும்" என்றார். "அவவின்ர பொடியனுக்குக் காய்ச்சல். கொண்டுபோனவ. அடுத்த கிழமை போடுவா. பென்சிலால எழுதிக் கிடக்கு பாருங்க."

பென்சிலால்தான் எழுதியிருந்தது. வவுனியா பஸ் சந்திக்கு வரும் நேரமாகிவிட்டதால் எழும்பினேன். கச்சான் பொதி இரண்டு கையில் தந்து காசு வாங்கமாட்டேன் என்றார். நான் காசைக் கொப்பிக்குள் வைத்துவிட்டு வந்தேன்.